தளத்தை மூடுகிறவர்களே, பக்கங்களை விட்டுவைத்துப் போங்கள்

மக்கள் எழுதும் தளங்களை நடத்துகிற நிறுவனங்களுக்கும், அவற்றை எப்போது மூடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்ட் கடைசியில் டைப்பேட் என்ற வலைப்பதிவுத் தளம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. செப்டம்பர் 30-ஆம் தேதியோடு சேவை நிற்கிறது, அதன்பின் வலைப்பதிவுகளைத் திறக்க முடியாது, வேண்டியவர்கள் தங்கள் எழுத்தை அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2003-ல் தொடங்கிய தளம் அது. இருபத்திரண்டு ஆண்டு எழுத்துக்குச் சுமார் ஒரு மாத அவகாசம். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்தே உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. இந்த மடல் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் எழுதுவதில்லை. இதே கதை பல ஆண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவருகிறது. அடுத்து மூடப்போகிறவர் உங்களில் யாராகவும் இருக்கலாம்.

நான் பழைய வலைப்பதிவுகளில் வளர்ந்த ஆள். எழுதிப் பழகியதும் அங்கேதான், எழுதியதற்கு மறுப்பு வந்தால் பொறுமையாகப் பதில் சொல்லப் பழகியதும் அங்கேதான். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களைப் பார்த்து, அது இளமையின் நினைவு, அவ்வளவுதான் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடங்கள் கட்டப்பட்ட விதத்திலேயே சில நல்ல குணங்கள் இருந்தன. இழந்தது என்ன என்று தெரிந்தால்தான் நான் கேட்பது உங்களுக்குப் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1998-ல் ஓப்பன் டைரி வந்தது. ஒருவர் எழுதும் நாட்குறிப்பின் கீழேயே வாசகரும் எழுதலாம் என்ற வசதியைக் கொடுத்த முன்னோடித் தளங்களில் அது ஒன்று. அடுத்த ஆண்டு பிளாகரும் லைவ்ஜர்னலும் வந்தன. லைவ்ஜர்னலை பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற இளைஞர் தன் பள்ளி நண்பர்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்கத்தான் தொடங்கினார். வலைப்பக்கங்களை உருவாக்கும் ஹெச்டிஎம்எல் குறிமொழி தெரியாதவர்களும் அன்றிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். கூட்டம் சேர்ந்தது. ஆனால் அந்தத் தளங்களின் உயிர் இருந்தது இடுகைகளில் மட்டும் என்று நினைத்தால் பாதியைத்தான் பார்த்தவராவோம்.

மீதிப் பாதி, வாசகர்கள் கீழே எழுதிய பின்னூட்டங்களில் இருந்தது. நாலு வரி இடுகைக்கு நாற்பது பின்னூட்டம் வரும். அதில் பாதி கும்மி, வெறும் அரட்டை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கும்மிக்கு நடுவே ஒருவர் வந்து, நீங்கள் சொல்லும் ஆண்டு தவறு, இதோ ஆதாரம் என்று எழுதுவார். எழுதியவர் இடுகையின் அடியில் திருத்தம் சேர்த்து, சுட்டிக்காட்டியவருக்குப் பெயர் சொல்லி நன்றி போடுவார். ஒரு மாதம் கழித்து, தேடுபொறி வழியாக வந்த யாரோ ஒருவர் அதே இடுகையில் இன்னொரு தகவல் சேர்ப்பார். சில ஆண்டுகள் கழித்தும் அந்த உரையாடல் திறந்தே இருக்கும். அப்படி வளர்ந்த பக்கங்களில் இடுகையைவிடப் பின்னூட்டங்கள் அதிகம் சொல்லும். எனக்குத் தெரிந்த ஒரு பதிவர் தன் தாயின் நீண்ட நோயைப் பற்றி மாதக்கணக்கில் எழுதினார். அந்தப் பக்கங்களுக்கு வந்து போனவர்களில் பலரும் அதே நோய் கண்டவர்களை வீட்டில் கவனித்துக்கொண்டிருந்தவர்கள். எந்த மருந்து எப்படித் தூக்கத்தைக் கெடுக்கும், படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தளம் இப்போது இல்லை. பதிவர் தன் இடுகைகளை எடுத்து வைத்துக்கொண்டார். பின்னூட்டங்களை எடுக்க வழி இருக்கவில்லை.

அப்புறம் பக்கவாட்டுப் பட்டியல். ஒவ்வொரு பதிவரும் தான் படிக்கும் பதிவர்களின் பெயர்களை ஓரத்தில் வரிசையாகப் போட்டிருப்பார். ஒருவருடைய பட்டியலைப் பிடித்துப் போனால் இன்னொருவர், அவருடைய பட்டியலில் இன்னும் பத்துப் பேர். எந்தக் கணினியும் கணக்குப் போட்டு இதைப் படி என்று நம்மிடம் நீட்டவில்லை. நாம் மதிக்கிற ஒரு மனிதர், இவரையும் படித்துப் பாருங்கள் என்று சொன்னதால் போனோம். எழுத்தில் விஷயம் குறைவாக இருந்தாலும் பொறுமையோடு படித்ததற்கு அந்த அறிமுகமே காரணம்.

யாரெல்லாம் புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆர்எஸ்எஸ் ஓடை இருந்தது, நாம் தொடரும் தளங்களின் புது இடுகைகளை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் நுட்பம் அது. 1999-ல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் பிறந்த அந்த எளிய ஏற்பாட்டில், எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவே யாரும் நிற்கவில்லை. இன்று எதை மேலே காட்டுவது என்று யாரும் தீர்மானிக்கவும் இல்லை. எழுதிய வரிசையில் வரும், அவ்வளவுதான். 2005-ல் வந்த கூகுள் ரீடர் என்ற ஓடை படிக்கும் சேவையை அதற்காகவே ஏராளமானோர் நம்பியிருந்தார்கள். 2013 மார்ச்சில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, ஜூலை 1-ஆம் தேதி மூடிவிட்டார்கள். ஓடை என்ற நுட்பம் சாகவில்லை, வேறு செயலிகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்த மாதங்களில் வாசகர் சிதறியது உண்மை. தினமும் வந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாமல் எழுதுவதை நிறுத்திய பதிவர்களை நான் அறிவேன்.

ஒருவர் கேட்க மற்றவர்கள் பதில் எழுதும் இணைய மன்றங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வானொலிப் பெட்டியோ, இருபது ஆண்டுக்கு முந்தைய கேமராவோ பழுதானால் இன்றைக்கும் உதவுவது அப்போதைய மன்றம் ஒன்றில் யாரோ எழுதிய பதில்தான். எந்தத் திருகாணியை முதலில் கழற்றுவது, எந்தக் கம்பியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று படத்தோடு விளக்கியிருப்பார். அவருக்கு ஒரு காசு வந்திருக்காது. ஆனால் அந்தப் படங்கள் பெரும்பாலும் வேறொரு தளத்தில் ஏற்றப்பட்டு, மன்றத்தில் காட்டப்பட்டவை. 2017-ல் ஃபோட்டோபக்கெட் நிறுவனம், படங்களை வேறு தளங்களில் காட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் கட்ட வேண்டும் என்று திடீரென்று விதியை மாற்றியது. ஒரே வாரத்தில் எண்ணற்ற மன்றங்களில் படங்கள் இருந்த இடமெல்லாம் பணம் கட்டச் சொல்லும் அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. எழுத்து அப்படியே இருக்கிறது, மேலே உள்ள படத்தில் காட்டியபடி என்று சொல்கிறது, படம் இல்லை. ஒரு தளம் எடுக்கும் முடிவு அதன் எல்லைக்குள் நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. சண்டைகள் இருந்தன, குழுச் சண்டைகள் இன்னும் மோசமாக இருந்தன. பெயர் சொல்லாதவர்கள் எழுதிய அனானிப் பின்னூட்டங்களில் வந்த வசையைத் தாங்க முடியாமல், குறிப்பாகப் பெண்கள், எழுதுவதையே விட்டுவிட்டுப் போனார்கள். விளம்பரக் குப்பை வேறு. பின்னூட்டங்களில் குவிந்த அந்தக் குப்பையைச் சமாளிக்க 2005-லேயே தேடுபொறிகள் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் அங்கே ஒரு பக்கத்தை நடத்தியவருக்கு அந்தப் பக்கத்தின் மீது அதிகாரம் இருந்தது. யாரை உள்ளே விடுவது, எதை நீக்குவது, பின்னூட்டங்களைப் படித்துப் பார்த்து மட்டுறுத்திப் போடுவதா அப்படியே விடுவதா என்று அவரே முடிவு செய்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குணம் வந்தது அப்படித்தான்.

இதையெல்லாம் நீங்கள் எப்படி மூடினீர்கள் என்று இனிப் பார்ப்போம்.

ஜியோசிட்டீஸ் தளத்தில் மக்கள் பக்கங்களைத் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் போட்டுக் கட்டினார்கள். அறிவியல் புனைகதை பிடித்தவர்களுக்கு ஒரு பேட்டை, குடும்பக் கதைகளுக்கு ஒரு பேட்டை, வளர்ப்புப் பிராணிகளுக்கு ஒன்று. 1999-ல் யாஹூ அதைப் பல பில்லியன் டாலர் மதிப்பில் வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு கடைசி மாதங்களில் இரவு பகலாக முடிந்ததை நகலெடுத்தது. அவர்கள் திரட்டியதை அடுத்த ஆண்டு பொதுவில் வெளியிட்டபோது அது ஏறத்தாழ 640 ஜிபி இருந்தது. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு ஒருவர் மேசையில் வைத்திருக்கும் சாதாரண வன்தட்டிலேயே அது அடங்கிவிடும்.

பத்து ஆண்டு கழித்து, உறுப்பினர்கள் மடல் எழுதிப் பேசிக்கொண்ட யாஹூ குழுமங்களுக்கும் அதே கதி. 2019 அக்டோபரில் அறிவிப்பு, டிசம்பர் 14-க்குப் பிறகு பழைய மடல்கள் எல்லாம் அழிக்கப்படும் என்று. எதிர்ப்பு எழுந்ததும் ஜனவரி 31 வரை நேரம் கொடுத்தார்கள். தன்னார்வலர்கள் குழுமங்களில் சேர்ந்து மடல்களைக் காப்பாற்ற முயன்றபோது தங்கள் கணக்குகள் முடக்கப்பட்டதாக அப்போது முறையிட்டார்கள். அந்தக் குழுமங்களில் நோயாளிகள் இருந்தார்கள், மொழியார்வலர்கள் இருந்தார்கள், தங்கள் குடும்ப வேரைத் தேடியவர்கள் இருந்தார்கள். அச்சில் எங்கும் வராத அறிவு அது.

இசைக் கலைஞர்கள் நிறையப் பேர் இருந்த மைஸ்பேஸ் என்ற சமூகத் தளத்தில் நடந்தது இன்னும் வருத்தமானது, ஏனென்றால் அங்கே தளத்தை மூடக்கூட இல்லை. கோப்புகளை வைத்திருக்கும் வழங்கிகளை (சர்வர்களை) மாற்றும்போது, 2015-க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் போய்விட்டன என்று 2019-ல் தெரியவந்தது. பன்னிரண்டு ஆண்டுச் சேகரம். ஓர் ஆய்வுக் குழு முன்பே எடுத்து வைத்திருந்த சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் பிறகு, பழைய வலைப்பக்கங்களையும் கோப்புகளையும் சேமித்துவைக்கும் இணையக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. தளத்தை நடத்துகிறவரிடம் இல்லாமல்போனது, வெளியே இருந்த ஒருவர் கையில் தற்செயலாகத் தப்பியது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டு கழித்துத் திறக்கவில்லை என்று கண்டார்கள். பத்தில் கிட்டத்தட்ட நான்கு.

நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். முன்கூட்டியே அறிவித்தோம், தரவிறக்கும் வசதியும் கொடுத்தோம் என்பீர்கள். அந்த வசதி யாருக்குப் பயன்படும்? உயிரோடு இருக்கிறவருக்கு, கடவுச்சொல் நினைவில் இருக்கிறவருக்கு, நீங்கள் மின்னஞ்சல் அனுப்பிய அதே முகவரியை இன்றும் பார்க்கிறவருக்கு, தரவிறக்கிய கோப்பை என்ன செய்வது என்று தெரிந்தவருக்கு. 2004-ல் எழுதத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் இன்று அந்த நிலையில் இருப்பார்கள்? காலமாகிவிட்ட பதிவர்களின் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் எழுதியது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கக்கூட வாய்ப்பில்லை. லைவ்ஜர்னலில் இறந்தவரின் கணக்கை நினைவுக் கணக்காக வைக்க ஓர் ஏற்பாடு இருந்தது, அந்த அளவுக்காவது யோசித்தார்கள். ஆனால் தளமே மூடும்போது அவர்கள் சார்பில் தரவிறக்கப் பொத்தானை அழுத்த யாரும் வரமாட்டார்கள். தவிர, ஒரு பதிவர் தன் எழுத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் போனாலும், அதற்கு வந்த சுட்டிகள் பழைய முகவரியையே காட்டிக்கொண்டு நிற்கும். நூற்றுக்கணக்கான பிற பக்கங்களில் அறுந்த சுட்டிகள் அப்படித்தான் வந்தன.

செலவு ஆகிறது என்பீர்கள். ஆகும்தான். ஆனால் ஓடுகிற தளத்தை நடத்தும் செலவும், நிறுத்திய தளத்தைப் படிக்க மட்டும் வைத்திருக்கும் செலவும் ஒன்றில்லை. உள்நுழைவு வேண்டாம், புதுப் பின்னூட்டம் வேண்டாம், தேடல் வேண்டாம், தரவுத்தளம்கூட வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் அசையாத கோப்பாக மாற்றி அதே முகவரியில் வைத்தால் போதும். பழைய மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, தாக்குதலுக்கு ஆளாகும் என்ற கவலையும் அதோடு பெருமளவு தீர்ந்துவிடும். எழுத்து மிகக் குறைந்த இடத்தில் அடங்கும் பொருள். படங்களையும் காணொளிகளையும் பற்றி நீங்கள் தயங்கினால் எனக்குப் புரிகிறது. எழுத்தைப் பற்றித் தயங்கக் காரணம் இல்லை.

அந்தரங்கம் பற்றிச் சொன்னால் மட்டும் நான் நின்று கேட்பேன். பதினாறு வயதில் எழுதியதை நாற்பது வயதில் யாரும் படிக்க வேண்டாம் என்று நினைப்பவருக்கு அதை நீக்கும் உரிமை வேண்டும். நண்பர்களுக்கு மட்டும் என்று பூட்டி எழுதியவை எந்தக் காரணத்துக்காகவும் பொதுவில் வரக்கூடாது. காப்பகமாக மாற்றுவதற்கு முன் போதிய காலம் கொடுங்கள், மாற்றிய பிறகும் நீக்கக் கேட்பவருக்கு ஒரு வழி வையுங்கள். ஆனால் சிலர் நீக்க விரும்புவார்கள் என்பதைச் சொல்லி எல்லாருடையதையும் நீக்குவதை ஏற்க முடியாது. பொதுவில் எழுதியவர் பிறர் படிக்கத்தான் எழுதினார்.

இணையக் காப்பகம் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். ப்ரூஸ்டர் கேல் 1996-ல் தொடங்கிய அந்த நிறுவனம் இல்லையென்றால் நான் மேலே சொன்னவற்றில் பாதிக்கு இன்று சுவடே இருந்திருக்காது, அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகி அதுவே பல நாட்கள் முடங்கிக் கிடந்ததைப் பார்த்தோம். எல்லாரும் கைவிட்டதையெல்லாம் நன்கொடையில் நடக்கும் ஓர் அமைப்பின் தலையில் ஏற்றிவிட்டுப் போவது நியாயமில்லை.

செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டும் இருக்கிறது. லைவ்ஜர்னலின் நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக இருந்ததால், அங்கே முன்பு வேலை செய்தவர்கள் அதை எடுத்து 2009-ல் ட்ரீம்விட்த் தளத்தைத் தொடங்கினார்கள். லைவ்ஜர்னலில் இருந்து வருகிறவர் தன் இடுகைகளைப் பின்னூட்டங்களோடு சேர்த்தே கொண்டுவரலாம். விளம்பரம் கிடையாது, பயனர்கள் கட்டும் பணத்தில் இன்றும் ஓடுகிறது. பின்னூட்டங்களையும் கொண்டுவர வழி செய்தவர்கள் வலைப்பதிவு என்றால் என்ன என்று புரிந்தவர்கள். ஆர்குட் என்ற தன் சமூகத் தளத்தை 2014 செப்டம்பர் 30-ல் மூடியபோதும் பொதுக் குழுக்களின் விவாதங்களைக் கூகுள் ஒரு காப்பகமாகச் சில காலம் வைத்திருந்தது. அது நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம். நீடித்திருக்க வேண்டும்.

இன்னும் மூடாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பெரிய தளங்களை நடத்துகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. மூடிய அறைகளில் நடக்கும் அரட்டைக் குழுக்களில் இன்று அருமையான பதில்கள் வருகின்றன, மறுநாள் அவை மேலே போய்விடுகின்றன, தேடுபொறிக்குத் தெரிவதில்லை. பழுதான கேமராவோடு இருபது ஆண்டு கழித்து வருகிறவருக்கு அந்தப் பதில் எட்டாது. இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் குறிப்பில் ஒரு முகவரியைப் போட்டால் அதைத் தட்டித் திறக்கக்கூட முடிவதில்லை. ஒருவர் இன்னொருவரைச் சுட்டி அனுப்பிவைப்பதுதான் வலையின் அடிப்படையே. அதைத் தடுத்துவிட்டு, மக்கள் ஏன் ஒரே இடத்தில் அடைந்து கிடந்து ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வு செய்வதில் பொருளில்லை. பொதுக் குழுக்களைத் தேடுபொறிக்குத் திறந்துவிடும் வாய்ப்பை நிர்வாகிகளுக்குக் கொடுங்கள். ஓடையைத் திரும்பக் கொடுங்கள். எழுதிய வரிசையில் படிக்க விரும்புபவருக்கு அந்த வழியை ஒளித்து வைக்காதீர்கள்.

மூடும் முடிவில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அறிவிப்புக்கும் மூடும் நாளுக்கும் நடுவே குறைந்தது ஓர் ஆண்டு கொடுங்கள். தரவிறக்கும் கோப்பில் பின்னூட்டங்களும் படங்களும் சேர்ந்தே வரட்டும், வேறு தளங்கள் ஏற்றுக்கொள்ளும் வடிவில் வரட்டும். பொதுவில் இருந்த பக்கங்களைப் படிக்க மட்டும் அதே முகவரியில் விட்டுவையுங்கள். அதுவும் முடியாத நிலைமை என்றால், நகலெடுக்க வருகிற காப்பகத்தாரையும் தன்னார்வலர்களையும் தடுக்காமல், நீங்களே கூப்பிட்டு முழுத் தொகுப்பையும் ஒப்படையுங்கள். தளத்தை இன்னொருவருக்கு விற்கிறீர்கள் என்றால் இந்தக் கடமைகளையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், ஏனென்றால் நான் சொன்ன தளங்களில் பலவும் கைமாறிய பிறகுதான் அழிந்தன.

இந்த ஏற்பாடுகளை மூடுகிற வாரத்தில் யோசித்தால் நடக்காது. அப்போது பொறியாளர்கள் பாதிப் பேர் போயிருப்பார்கள், பணமும் இருக்காது. தளம் நன்றாக ஓடுகிற இப்போதே செய்ய வேண்டும். உங்கள் பயனர் விதிமுறைப் பக்கத்தில், சேவையை எந்த நேரத்திலும் நிறுத்த எங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். நிறுத்தினால் எழுத்துகளை என்ன செய்வோம் என்று அதற்கு அடுத்த வரியில் சேர்த்து எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு எங்கே எழுதுவது என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய வலைப்பதிவுகளை இன்றும் தேடிப் படிக்கும் ஒருவர்